லவால் நாட்குறிப்பு – 11: ஆறு எப்போ வேகமா ஏறிச்சு?



ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வைச்சுக்கூடப் படுக்கலை. ஆய்வறிக்கை ஆணி அவ்வளவு. "உசுரோட இருக்கியா?" என்று தனிமடல் போட்டுக் கேட்ட நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். வெயில் அடிக்குது. ரோடு பூரா ஆரஞ்சுக் கூம்பு நட்டு வைச்சிருக்காங்க. மொன்ரியல் பக்கம் கோடைக்காலம் வந்ததுக்கு அதுதான் அடையாளம், பூ பூக்கிறதெல்லாம் அப்புறம் :-)

புதுசா வர்றவங்களுக்கு வழக்கமான அறிவிப்பு: லவால் என்பது மொன்ரியலுக்கு வடக்கே ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஒரு தீவு, ஒரு ஊர். 2007-ல ஆரஞ்சு லைன் மெட்ரோ ஆத்துக்கு அடியில நுழைஞ்சு இங்க மூணு ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. லவால் பல்கலைக்கழகம் இங்க இல்லை. அது கியூபெக் நகரத்துல, இங்கேர்ந்து 250 கிலோமீட்டர். ஊர்ல எங்க சித்தப்பா இன்னமும் "தம்பி லவால் யூனிவர்சிட்டில படிக்கிறான்" என்றுதான் சொல்லிக்கிட்டுத் திரியறார். நானும் திருத்துறதை விட்டுட்டேன்.

இன்னைக்குக் கணக்குப் பதிவு. ஓடாதீங்க. கணக்கு பத்திங்கிறதை விட, நான் அசிங்கப்பட்டது பத்தி. அதுன்னா நீங்க நின்னு படிப்பீங்கன்னு தெரியும்.

முதல்ல கொசுவத்தி. நான் +2-ல கணக்குல 200-க்கு 197. (போன மூணு மார்க்கு எங்க போச்சுன்னு எங்கப்பா இன்னிக்கும் கேப்பார்.) வகைக்கெழுன்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அடுக்கைக் கீழ இறக்கு, அடுக்குல ஒண்ணைக் குறை. சைன் கொசைன் ஆகும், கொசைன் மைனஸ் சைன் ஆகும். பெருக்கலுக்கு ஒரு விதி, வகுத்தலுக்கு ஒரு விதி. இஞ்சினியரிங் நாலு வருஷமும் அதை வைச்சே ஓட்டியாச்சு.

அப்புறம் இங்க வந்தேன். நீர்வளம் சம்பந்தமான மாஸ்டர்ஸ். முதல் பருவத்துல ஒரு நாள், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற சின்ன வகுப்பு. பேராசிரியர் திரையில ஒரு வரைபடம் போட்டார். படுக்கைவசத்துல நாட்கள், செங்குத்துல ஆத்து நீர்மட்டம். வசந்தகாலத்துல பனி உருகி ஒட்டாவா ஆத்து வழியா இறங்கி வர்ற வெள்ளம். 2017-லயும் 2019-லயும் இந்த லவால் கரையோர வீடுகளுக்குள்ள புகுந்தது அந்த மாதிரி வெள்ளம்தான். கோடு மெதுவா கிளம்பி, திடீர்னு ஏறி, மேல போய் வளைஞ்சு, அப்புறம் சாவகாசமா இறங்குது.

அவர் என்னைப் பார்த்து ரொம்ப சாதாரணமாக் கேட்டார்: தண்ணி எப்போ ரொம்ப வேகமா ஏறுது, காட்டு.

நான் எழுந்து போய் விரலை வைச்சேன். எங்கே? உச்சியில. கோடு எங்க ரொம்ப உயரமா இருக்கோ அங்க.

அறையில ஒரு சத்தமும் இல்லை. யாரும் சிரிக்கலை, சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவா, "அங்கே ஆறு ஏறுவதை நிறுத்திவிட்டது" என்று சொல்லிட்டு, உச்சிக்கு ரெண்டு நாள் முன்னாடி கோடு செங்குத்தா நிக்கிற இடத்தைக் காட்டிட்டு, அடுத்த படத்துக்குப் போயிட்டார். அன்னிக்கு சாயங்காலம் மெட்ரோவுல ஆத்தைக் கடக்கும்போது தலைக்கு மேல ஓடுற தண்ணி என்னைப் பார்த்து நக்கல் பண்ற மாதிரி இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. உச்சியில வகைக்கெழு பூஜ்யம். இது எனக்குத் தெரியும். "பெரும மதிப்பு காண்க" என்று நூறு கணக்குப் போட்டிருக்கேன். வகைப்படுத்தி, பூஜ்யத்துக்குச் சமன்படுத்தி, தீர்த்து, ரெண்டு கோடு போட்டு விடை. ஆனா அந்தப் பூஜ்யமும் திரையில இருக்கிற அந்த வளைவோட தலையும் ஒரே சமாச்சாரம்னு என் கைவிரலுக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது எழுத்தை எழுத்தா மாத்துற வித்தை. அவ்வளவுதான்.

இதை இத்தனை நாள் இங்க எழுதாம வைச்சிருந்தேன். இப்ப ஏன் எழுதறேன்னா, கீழ் வீட்டுத் தங்கச்சி.

நான் குடியிருக்கிற வீட்டுக்குக் கீழ்த்தளத்துல ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். பொண்ணு இங்கேயே பிறந்தவ. பள்ளிக்கூடம் பிரெஞ்சு, வீடு தமிழ், தம்பியோட சண்டைக்கு ஆங்கிலம். இந்த வருஷம் செகோந்தேர் 5 முடிச்சா. கியூபெக்ல பள்ளி பதினோரு வருஷம்தான். அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி சேஜெப் என்று ரெண்டு வருஷம். நம்ம +1, +2-க்குக் கிட்டத்தட்ட அண்ணன் முறை. அறிவியல் பிரிவுல சேர்ந்தா நுண்கணிதம் வந்து நிக்கும். இவளோட பெரியம்மா மகன் அதுல விழுந்து எழும்பாம வேற பிரிவுக்குப் போனவன். அதைப் பார்த்ததுலேர்ந்து இவளுக்கு உதறல். பிரிவை மாத்திக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கா.

ஜூலை மாசம் ஒரு நாள் அந்த அக்கா மேல வந்து, "தம்பி, இவளுக்கு ஒருக்கா கணக்குச் சொல்லிக் குடுங்கோ. பயந்து போய் இருக்கிறாள். கல்குலஸ் தெரியாட்டிலும் பரவாயில்லை, பயம் போனால் காணும்" என்றார். கையில ஒரு டப்பா நிறைய கட்லட். மறுக்க முடியுமா?

நான் என்ன பண்ணேன்? எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்களோ அதையே பண்ணேன். ஒரு தாள்ல சூத்திரம் எல்லாம் எழுதிக் கொடுத்து, "இதைப் பாடமாக்கிட்டு வா" என்றேன். கெட்டிக்காரி. ரெண்டே வாரத்துல அடுக்கை இறக்குறது, ஒண்ணைக் குறைக்கிறது எல்லாம் டாண் டாண்ணு வந்துது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. அப்பதான் ஏதோ தோணி, அந்தப் பழைய வெள்ள வரைபடத்தை மடிக்கணினியில திறந்து அவகிட்டக் காட்டினேன்.

"தண்ணி எப்ப ரொம்ப வேகமா ஏறுது?"

அவ யோசிக்கவே இல்லை. உச்சியில விரலை வைச்சா.

அதே இடம். என் விரல் இருந்த அதே இடம். எனக்குச் சிரிப்பும் வரலை, அழுகையும் வரலை. ரெண்டு வாரத்துல என்னை மாதிரியே ஒருத்தியை உருவாக்கிட்டேனேன்னு வயித்தைப் பிசைஞ்சுது. சூத்திரத் தாளை வாங்கி மடிச்சுப் பையில வைச்சேன். "நாளைலேர்ந்து நுண்கணிதம் இல்லை, அதுக்கு முன்னாடி இருக்கிறதைப் பார்ப்போம்" என்றேன். "அண்ணா, உங்களுக்கு விசரே? ஆகஸ்ட் வந்திட்டுது" என்றாள்.

முன்னாடி இருக்கிறது என்ன? சார்பு. ஒண்ணைக் கொடுத்தா இன்னொண்ணு வரும், ஒண்ணே ஒண்ணுதான் வரும். அவ்வளவுதான் சார்பு. தேதியைக் கொடுத்தா அன்னிக்குப் பகல் எவ்வளவு நேரம்னு வரும். இதை எடுத்துக்கிட்டோம். ஏன்னா இந்த ஊர்ல அதைப் பத்திப் புலம்பாத ஆளே கிடையாது. திண்டிவனத்துல பகலோட நீளம் வருஷம் பூரா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஆடும், யாரும் கவனிக்கிறதில்லை. இங்க ஏழு மணி நேரம் ஆடுது. டிசம்பர்ல நாலரை மணிக்கு விளக்குப் போட்டுட்டு உட்கார்ந்தா ஊர் ஞாபகம் தானா வரும்.

முதல்ல சொல்லால சொல்லச் சொன்னேன். அவ சொன்னா: "டிசம்பர்ல சின்னப் பகல். பிறகு மெல்ல மெல்லக் கூடும். வசந்தத்தில ஓடி ஓடிக் கூடும். ஜூனில பெரிய பகல். பிறகு திருப்பிக் குறையும்." பாருங்க, "ஓடி ஓடிக் கூடும்" என்று வாயால சொல்லிட்டா. ஆனா அது அவளுக்கே காதுல விழலை.

அடுத்து அட்டவணை. மாசா மாசம் 21-ஆம் தேதிக்கு, ஐந்து நிமிடத்துக்கு முழுசாக்கி எழுதினோம். மொன்ரியல் கணக்கு, தோராயம்தான்:

டிசம்பர் 21 – 8 மணி 40 நிமிடம்
ஜனவரி 21 – 9 மணி 15 நிமிடம்
பிப்ரவரி 21 – 10 மணி 40 நிமிடம்
மார்ச் 21 – 12 மணி 10 நிமிடம்
ஏப்ரல் 21 – 13 மணி 50 நிமிடம்
மே 21 – 15 மணி 5 நிமிடம்
ஜூன் 21 – 15 மணி 40 நிமிடம்

"இப்ப ஒண்ணுக்கொண்ணு கழி" என்றேன். 35, 85, 90, 100, 75, 35 நிமிடம் வந்தது. "மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையிலதான் கூட" என்றாள். அப்புறம் பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, "இல்லை அண்ணா, பிழை. பெப்ரவரிக்கு 28 நாள் தானே" என்றாள்.

நான் இதை எதிர்பார்க்கலை. சத்தியமா நான் யோசிக்கவே இல்லை. நாள் எண்ணிக்கையால வகுத்தா, பிப்ரவரி 21-லேர்ந்து மார்ச் 21 வரைக்கும் 28 நாள்ல 90 நிமிடம், நாளைக்கு 3.2 நிமிடம். மார்ச்–ஏப்ரல் 31 நாள்ல 100 நிமிடம், அதுவும் 3.2. ரெண்டும் ஒண்ணுதான்! டிசம்பர்–ஜனவரியில நாளைக்கு 1.1 தான். மே–ஜூன்லயும் 1.1 தான். அதாவது மார்ச் 21-க்கு ரெண்டு பக்கமும்தான் பகல் ஓடி ஓடிக் கூடுது. அன்னிக்குப் பகல் பெருசு ஒண்ணும் இல்லை, வெறும் பன்னெண்டு மணி சொச்சம். பகல் ரொம்பப் பெருசா இருக்கிற ஜூன்ல வளர்ச்சி நின்னே போச்சு.

அவ முகத்துல ஏதோ ஓடுறது தெரிஞ்சுது. நான் வாயைத் திறக்கலை.

அடுத்து வரைபடம். (அவங்க 'வரைபு' என்கிறாங்க, வரையறதை 'கீறுறது' என்கிறாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு.) ஏழு புள்ளி வைச்சு, அடிமட்டம் எடுத்து நேர்க்கோட்டால இணைச்சா. நம்ம எல்லாரும் பண்ணதுதான். நான் கேட்டேன்: "ஏப்ரல் 21-ஆம் தேதி அன்னிக்குப் பகல் என்ன வேகத்துல கூடுது?" புள்ளிக்கு இடது பக்கம் ஒரு சரிவு, வலது பக்கம் வேற சரிவு. புள்ளியில எது? "ரெண்டும் இல்லை" என்றாள். சரி, ஏப்ரல் 20-க்கும் 21-க்கும் நடுராத்திரியில பூமி திடீர்னு கியர் மாத்துதா? இல்லை இல்ல. அடிமட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையால வளைச்சு வரைஞ்சா. முதல் தடவை முட்டைக்கோஸ் மாதிரி வந்தது, மூணாவது தடவை அழகா வந்தது. அந்த வளைவு மேல அடிமட்டத்தைத் தொட்டும் தொடாமலும் வைச்சு நகர்த்திக்கிட்டே போகச் சொன்னேன். டிசம்பர்ல படுத்திருந்த அடிமட்டம் மார்ச்ல நிமிர்ந்து, ஜூன்ல மறுபடி படுத்துடுச்சு.

கடைசியா விதி. பகல் = 12 மணி 10 நிமிடம், அதோட மூன்றரை மணி நேரத்தை, மார்ச் 21-லேர்ந்து எத்தனை நாளாச்சோ அந்தக் கோணத்தோட சைனால பெருக்கிக் கூட்டு. வருஷம் பூரா ஒரு வட்டம். உச்சம் 15:40, அடி 8:40, சரியா உட்காருது. இங்கதான் ஒரு வேடிக்கை. இந்த விதிப்படி மார்ச்–ஏப்ரல்ல 107 நிமிடம் கூடணும். அட்டவணை 100-ங்குது. யாரை நம்புறது? அட்டவணையைத்தான். பகல் நீளத்துக்கு உண்மையான சூத்திரம் இன்னும் கொஞ்சம் சிக்கல், ஊரோட அட்சரேகை எல்லாம் அதுக்குள்ள வரும். நம்ம சைன் அதுக்குப் போட்ட சட்டை; தோள்ல கொஞ்சம் லூசு. விதியை மட்டும் வைச்சிருந்தா இந்தத் தப்பு நம்ம கண்ணுலயே பட்டிருக்காது.

இன்னொண்ணு அவளே கண்டுபிடிச்சது. "தேதி தந்தால் பகல் வரும். பகல் தந்தால் தேதி வராது." 12 மணி 10 நிமிடம்னா மார்ச்சா செப்டம்பரா? திருப்பிப் போட்டா அது சார்பு இல்லை. அட்டவணையில பாதி வருஷம்தான் எழுதினதால அதுல இது தெரியலை. முழு வருஷ வரைபடத்துல குறுக்கே ஒரு கோடு போட்டா பளிச்னு தெரியுது.

சொல், அட்டவணை, வரைபடம், விதி. ஒவ்வொண்ணும் ஒண்ணைக் காட்டுது, இன்னொண்ணை மறைக்குது. நம்ம தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்துல முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'தான். வரிசைச் சோடி, அட்டவணை, அம்புக்குறிப் படம், வரைபடம்னு நாலு விதமா எழுதலாம்னு அதுல இருக்கு. கனடாவுல மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட் எழுதின, உலகம் பூரா ஓடுற நுண்கணிதப் புத்தகமும் இந்த நாலு வழியிலதான் ஆரம்பிக்குது. (நுண்கணிதத்துல சம்பாதிச்ச காசுல டொராண்டோவுல 'இன்டக்ரல் ஹவுஸ்'னு வளைவு வளைவா ஒரு வீடு கட்டினவர் அவர். 2014-ல இறந்துட்டார்.) அதனால யாரும் சொல்லிக் கொடுக்கலைன்னு நான் அழ முடியாது. பாடத்துல இருக்கு. ஆனா ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போய் வர்ற பயிற்சி எனக்கு இல்லை.

இந்த ஊர்லயே ஒருத்தர் இதைத்தான் வாழ்க்கை பூரா ஆராய்ஞ்சிருக்கார். குளோத் ஜான்வியே. நான் தினமும் கடந்து போற யூகாம் என்கிற மொன்ரியல் பல்கலைக்கழகத்துல கணக்குக் கற்பித்தல் ஆய்வாளரா இருந்தவர். 1987-ல இதைப் பத்தி ஒரு தொகுப்பு நூலும் கொண்டு வந்தார். அவர் போட்ட கட்டம் ரொம்ப எளிமை. நாலு வடிவத்தையும் மேலயும் எழுது, பக்கத்துலயும் எழுது. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மொத்தம் பன்னெண்டு பாதை. விதியிலேர்ந்து அட்டவணை, அட்டவணையிலேர்ந்து வரைபடம், இது ரெண்டும் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஓயாம நடக்கும். வரைபடத்துலேர்ந்து சொல்லுக்கு? சொல்லுலேர்ந்து வரைபடத்துக்கு? அந்தப் பாதையில புல்லு முளைச்சுக் கிடக்கும். நான் அன்னிக்குத் தடுக்கி விழுந்தது அந்தப் புல்லுலதான்.

இப்ப நம்ம பக்கத்துச் சமாச்சாரம். இதைப் படிச்சதுலேர்ந்து மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

1825. பாண்டிச்சேரி. கிழக்கிந்தியக் கம்பெனியோட லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன், 'காலசங்கலித' என்று தென்னிந்தியப் பஞ்சாங்க முறைகளைப் பத்தி ஒரு தடிப் புத்தகம் போட்டவர், ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்திக்கிறார். அந்த மனுஷன் தாள், பேனா ஒண்ணும் தொடலை. தரையில சோழிகளை அடுக்கி அடுக்கி நகர்த்தறார். எண்கள் எல்லாம் மனப்பாடம், அதுவும் எண்ணா இல்லை, சொற்களா. அப்படியே அந்த வருஷம் மே 31-லேர்ந்து ஜூன் 1-க்குப் போற ராத்திரி வந்த சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் கொடுக்கிறார். தொடக்கத்துல பிழை 4 நிமிடம்தான். நடுவுல 23, முடிவுல 52 நிமிடம். சோழிய வைச்சு!

சூட்சுமம் என்னன்னா வாக்கியம். நிலா பூமிக்குக் கிட்ட வந்து, தள்ளிப் போய், மறுபடி கிட்ட வர 27.55 நாள். ஒன்பது சுத்துக்குக் கிட்டத்தட்ட 248 நாள். அதனால 248 நாளுக்கு, நாளுக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் (கடபயாதி முறை). வாக்கியத்தைச் சொன்னா நிலா அன்னிக்கு எத்தனை பாகை நகர்ந்திருக்குன்னு வந்துடும். வரருசி பேர்ல வழங்குற வாக்கியங்கள் இவை. சுமார் 1300-ல தமிழ்ப் பகுதியில எழுந்த 'வாக்கியகரணம்' என்கிற நூல் இந்த முறையைத்தான் விவரிக்குது. எங்க தாத்தா "வாக்கியப் பஞ்சாங்கம்தான் வேணும், திருக்கணிதம் வேண்டாம்"னு கடையில அடம் பிடிப்பார். அந்த வாக்கியம் இந்த வாக்கியம்னு எனக்குப் போன மாசம்தான் தெரியும். வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபவர் 1952-ல 'தமிழ் வானியல்'னு ஒரு கட்டுரை எழுதி, இதே 248 நாள் கணக்கு பாபிலோன் வரைக்கும் போகுதுன்னு காட்டினார்.

அப்ப அது என்ன? சார்பு! நாள் எண்ணைக் கொடுத்தா நிலா இருக்கிற இடம். விதி இல்லை, வரைபடம் இல்லை, தாள்ல எழுதின அட்டவணை கூட இல்லை. வாயில இருக்கிற அட்டவணை. நம்ம மொழியில 'வாய்ப்பாடு' என்ற சொல்லே அட்டவணைக்கும் சொல்றோம், சூத்திரத்துக்கும் சொல்றோம், பார்த்தீங்களா? திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குழிமாத்துன்னு நிலத்தோட நீளத்தைச் சொன்னா பரப்பைச் சொல்ற வாய்ப்பாட்டைக் கூவிக் கூவிப் படிச்சதும் இதே ஜாதிதான். வர்க்கச் சார்பு, பாட்டா.

ஐரோப்பாவுல ஆய்லர் 1748-ல எழுதும்போது சார்புன்னா ஒரு சூத்திரக் கோவை. சூத்திரம் இல்லைன்னா சார்பு இல்லை. 1837-ல டிரிஷ்லே வந்து, சூத்திரம் அவசியமில்லை, ஒண்ணுக்கு ஒண்ணு பொருத்தம் இருந்தாப் போதும்னார். ஆக நம்ம பாண்டிச்சேரிக்காரர் ஆய்லர் கணக்குல தேற மாட்டார், டிரிஷ்லே கணக்குல தேறிடுவார் :-)

ஆனா வாரன் இன்னொண்ணும் பதிஞ்சிருக்கார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு இதுக்குப் பின்னால இருக்கிற கோட்பாடு எதுவும் தெரியாதாம். ஞாபகசக்தியும் ஒழுங்கும் மட்டும்தானாம். இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. 197 மார்க்கும் அதே தானே? என் சோழி கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம், அவர் கிரகணம் சொன்னார். நான் வெள்ளம் ஏறுற நாளைக்கூடச் சொல்லலை.

இருந்தாலும் அந்த வாக்கிய அட்டவணையையே வேற மாதிரிப் பார்த்த ஆட்களும் நம்ம பக்கம் இருந்திருக்காங்க. அடுத்தடுத்த ரெண்டு நாளைக் கழிச்சா நிலா அன்னிக்கு எவ்வளவு ஓடுச்சுன்னு வரும். ஏறக்குறைய 12 பாகையிலேர்ந்து 15 பாகை வரைக்கும் மாறும். கிட்ட இருக்கும்போது வேகம், தள்ளி இருக்கும்போது மெதுவு. 1150-ல இரண்டாம் பாஸ்கரர் 'தாத்காலிக கதி' என்று அந்தந்தக் கணத்தோட வேகத்தைப் பத்திப் பேசினார். கேரளத்துல சங்கமகிராமத்து மாதவன் 14-ஆம் நூற்றாண்டுல இந்த நிலா வாக்கியங்களையே இன்னும் துல்லியமா திருத்திப் போட்டார். சைனுக்கு முடிவில்லாத் தொடர் கண்ட பெருமையும் அவருக்குத்தான். அட்டவணையை ஒப்பிக்கவும் செய்யலாம், ஒண்ணுக்கொண்ணு கழிச்சுப் பார்க்கவும் செய்யலாம். நுண்கணிதத்துக்கான வாசல் அந்தக் கழித்தல்லதான் இருக்கு.

சரி, கீழ் வீட்டுக்கு வருவோம்.

போன சனிக்கிழமை. நான் அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். வகுப்புல நானும் உச்சியிலதான் விரலை வைச்சேன்னு. "நீங்களுமோ?" என்று ஒரு சிரிப்பு. மூணு நிமிஷம் நிறுத்தலை. அவங்க அம்மா அடுக்களையிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டு, "என்ன, கணக்குப் படிக்கிற சத்தம் மாதிரி இல்லையே" என்றார். சிரிச்சு முடிச்சதும் அந்த வெள்ள வரைபடத்தை மறுபடி திறந்தேன். கேள்வி எதுவும் கேக்கலை. அவளே அடிமட்டத்தை எடுத்துத் திரை மேல வைச்சு நகர்த்திக்கிட்டே வந்தா. படுத்திருந்தது, நிமிர்ந்தது, ஒரு இடத்துல நல்லா நிமிர்ந்து நின்னுது. "இஞ்சை" என்றாள். உச்சிக்கு ரெண்டு நாள் முன்னாடி.

அப்புறம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

"அண்ணா, ஒவ்வொரு நாளும் அடிமட்டம் எவ்வளவு நிமிர்ந்து நிக்குது எண்டு எழுதி வைச்சால், அதுவும் ஒரு அட்டவணை தானே? அதையும் கீறலாம் தானே? அப்ப அதுவும் ஒரு சார்பு தானே?"

மக்களே, அதுதான் வகைக்கெழு. எனக்குப் பதினேழு வயசுல ஒரு சூத்திரமா வந்து இறங்கினது, இவளுக்கு ஒரு கேள்வியா வந்திருக்கு. நான் பையிலேர்ந்து அந்த மடிச்சு வைச்ச சூத்திரத் தாளை எடுத்துக் கொடுத்தேன். "இதுல இருக்கிறதெல்லாம் நீ இப்பக் கேட்டதுக்குக் குறுக்கு வழி" என்றேன். வாங்கிப் பார்த்துட்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா, தாயி.

அடுத்த வாரம் அவளுக்கு வகுப்பு தொடங்குது. பிரிவு மாத்துற படிவம் இன்னும் மேசை மேலதான் கிடக்கு, நிரப்பலை. கிழிச்சும் போடலை. "ரெண்டு கிழமை பாத்திட்டுச் சொல்லுறன்" என்கிறாள். நியாயம்தான். பயம் போச்சான்னு அக்கா கேட்டார். தெரியலைக்கா, ஆனா கேள்வி கேக்கிறா என்றேன். கட்லட் தொடர்ந்து வருது.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: போன வருஷத்துக் கரண்ட் பில்லை எல்லாம் எடுத்து வரிசையா எழுதி, ஒண்ணுக்கொண்ணு கழிச்சு, வெறுங்கையால வளைச்சு ஒரு படம் வரைஞ்சு பாருங்க. எந்த மாசம் பில்லு அதிகம், எந்த மாசம் பில்லு வேகமா ஏறிச்சு, ரெண்டும் ஒரே மாசமா? வீட்டுல பிள்ளைங்க இருந்தா அவங்க விரலை எங்க வைக்கிறாங்கன்னும் பாருங்க. வந்து சொல்லுங்க.

பி.கு. 1: அடுத்த பதிவு லவால்ல தோசை மாவு பொங்காத பிரச்சினை பத்தி. அதுவும் நேரத்தைச் சார்ந்த ஒரு சார்புதான், ஆனா வரைபடம் தட்டையாவே இருக்கு :-(

பி.கு. 2: சித்தப்பா, இதைப் படிச்சீங்கன்னா, அது லவால் யூனிவர்சிட்டி இல்லை.